அமிலம் தொட்ட பல்

1982 அக்டோபர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சார்லட்ஸ்வில் நகரத்தில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரியான பல் கோளாறு தெரியவந்தது. வாயிலிருந்த பற்களின் மேல்பூச்சான எனாமல் பரவலாகக் கரைந்துபோயிருந்தது. சொத்தை என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி விழும். இப்படி ஒட்டுமொத்தமாகத் தேயாது. அமிலம் பட்ட பல்தான் இப்படி ஆகும். அந்த அமிலம் எங்கிருந்து வந்தது? துருவித் துருவி விசாரித்ததில் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு விஷயம்தான் அகப்பட்டது. இருவரும் போட்டிகளில் கலந்துகொள்ளும் நீச்சல்காரர்கள். பயிற்சி எடுத்தது ஒரே குளத்தில்.

அந்தக் குளத்தைச் சேர்ந்த கிளப் உறுப்பினர்கள் 747 பேரிடம் கணக்கெடுப்பு நடந்தது. நீந்தாதவர்களில் 3 சதவீதம் பேருக்கு எனாமல் அரிப்பின் அறிகுறிகள் இருந்தன. அவ்வப்போது நீந்துபவர்களில் இது 12 சதவீதம். நீச்சல் அணியில் இருந்தவர்களிலோ 39 சதவீதம். குளத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் கழித்தார் என்பதை அவருடைய பல்லே சொல்லிவிட்டது.

குளத்தைப் போய்ப் பார்த்தால், உலோகப் பொருத்துகள் அரித்துக் கிடந்தன. நீர் பட்ட சிமெண்ட்டும் பொரிந்திருந்தது. நீரின் பி.எச். அளவு 2.7. நீச்சல்குளத்துக்கு இது 7.2 முதல் 8.0 வரை இருக்க வேண்டும். பி.எச். அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலச் செறிவு 10 மடங்கு ஏறும். அந்தக் கணக்கில் இந்தக் குளத்து நீரின் அமிலத்தன்மை இருக்க வேண்டியதைப்போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. கிருமி நீக்கத்துக்காகச் செலுத்தப்பட்ட குளோரின் வாயு நீரில் கரையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அதை முறிக்கக் காரப்பொருளைச் சரியான அளவில் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது தவறினால் குளம் முழுவதும் அமிலக் கரைசல்தான்.

1986இல் ஆய்விதழில் வெளியான இந்தச் சம்பவம் பல் மருத்துவத்தில் இன்றும் பேசப்படுகிறது. காரணம், அமில அரிப்பின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. அமிலத்தின் கடுமை ஒரு பக்கம். அது பல்லில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் படுகிறது என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டில் மக்கள் கவனிப்பது முதலாவதை. பல்லைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவது.

மீண்டும் வளராத ஓடு

மனித உடலில் எலும்பைவிடக் கடினமான பொருள் ஒன்று உண்டென்றால் அது எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅப்படைட் படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். கடைவாய்ப்பல்லின் மேட்டில் இதன் தடிமன் அதிகபட்சம் 2.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். இதை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலில் உயிருள்ள செல் எதுவும் இல்லாததால், போனது போனதுதான்.

இந்தப் படிகங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. வாயின் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே போனால் அவை கரையத் தொடங்கும். ஹைட்ரஜன் அயனிகள் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ள, கால்சியம் கழன்று வெளியேறும். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் இன்னும் மென்மையானது. அது 6க்கு மேலேயே கரைய ஆரம்பித்துவிடும்.

இந்த எல்லையை வைத்துக்கொண்டு அன்றாடம் வாய்க்குள் போகிறவற்றைப் பார்க்கலாம். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2க்குச் சற்று மேலே. கோலா பானங்கள் 2.5ஐ ஒட்டி. வினிகர் 2.5க்கும் 3க்கும் இடையில். ஆரஞ்சுச் சாறு 3.5க்கு மேலே. உடம்புக்குள்ளிருந்தே வரும் இரைப்பை அமிலம் 1 முதல் 2 வரை. இந்த வரிசையில் கொடியது அதுதான்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். தயிரின் பி.எச். 4 அளவில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி தயிர்சாதம் சாப்பிடுகிறவர்களின் பல் எல்லாம் தேய்ந்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. தயிரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால், பல்லிலிருந்து அவை வெளியேற வேண்டிய அவசியமே எழுவதில்லை. எலுமிச்சையின் கதை இதற்கு நேர்மாறு. அதிலுள்ள சிட்ரிக் அமிலம் ஹைட்ரஜன் அயனிகளைக் கொடுத்துப் படிகத்தைக் கரைப்பதோடு, கால்சியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டும் போகிறது. ஒரே அமிலம் இரண்டு வழியில் தாக்குகிறது.

சொத்தை வேறு, அரிப்பு வேறு

சொத்தையிலும் எனாமலைக் கரைப்பது அமிலம்தான். ஆனால் அந்த அமிலத்தைத் தயாரிப்பவை பல்லில் படியும் அழுக்குப் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்குச் சர்க்கரை வேண்டும், ஒளிந்துகொள்ள இடமும் வேண்டும். அதனால் சொத்தை பல்லிடுக்கிலும் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களிலும் விழுகிறது.

அமில அரிப்பில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. அமிலம் நேராக வந்து பல்லில் படுகிறது. எனவே தூரிகை நன்றாகப் படும், சுத்தமான, வெளித்தெரியும் பரப்புகளில்தான் அரிப்பு முதலில் தெரியும். தினமும் இரண்டு வேளை தவறாமல் பல் விளக்குகிறவர், வாயில் ஒரு சொத்தை கூட இல்லாதவர், தன் பல் தேய்ந்துவருவதை அறியாமல் இருப்பது இதனால்தான். சர்க்கரை இல்லாத ‘டயட்’ பானம் சொத்தையிலிருந்து காப்பாற்றலாம்; அரிப்பிலிருந்து காப்பாற்றாது. சர்க்கரையை எடுத்துவிட்டாலும் பாஸ்பாரிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் அதில் அப்படியே இருக்கின்றன.

இந்தப் பிரச்சினையின் அளவு பல நாடுகளுக்கு வெகு காலம் தெரியவில்லை. பிரிட்டனில் குழந்தைகளின் பல் நலக் கணக்கெடுப்பில் அரிப்பு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1993இல்தான். 5, 6 வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் பால்பற்களில் அரிப்பு காணப்பட்டது. ஏறக்குறைய கால் பங்கினருக்கு அது டென்டின்வரை போயிருந்தது.

பல் சொல்லும் சாட்சியம்

தேர்ந்த பல் மருத்துவர் தேய்ந்த இடத்தைப் பார்த்தே அமிலம் வந்த வழியைச் சொல்லிவிடுவார். இதில் மந்திரம் எதுவும் இல்லை. வாயின் அமைப்புதான் துப்புக் கொடுக்கிறது.

மேல்வரிசை முன்பற்களின் உட்புறம், அதாவது அண்ணத்தைப் பார்த்த பக்கம், வழவழவென்று தேய்ந்திருந்தால் அமிலம் வயிற்றிலிருந்து வருகிறது என்று சந்தேகிக்கலாம். வாந்தி மேலேறி வரும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. மேல்பற்களின் உட்புறம் நேரடியாக அடிவாங்குகிறது. நாள்பட்ட எதுக்களிப்பு, கர்ப்பகால வாந்தி, அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டுத் தாமாகவே வாந்தியெடுக்கும் ‘புலிமியா’ என்ற உணவுக் கோளாறு எல்லாவற்றிலும் இதே தடம்தான். நெஞ்செரிச்சல் இல்லாமலே எதுக்களிப்பு உள்ளவர்கள் உண்டு. அவர்களுக்கு நோயை முதலில் கண்டுபிடிப்பவர் வயிற்று மருத்துவராக இல்லாமல் பல் மருத்துவராக இருப்பது நடக்கக்கூடியதே. எதுக்களிப்பு நோயை வரையறுத்த 2006ஆம் ஆண்டின் மான்ட்ரியல் அறிக்கை, உணவுக்குழாய்க்கு வெளியே அந்நோய் காட்டும் அடையாளங்களில் ஒன்றாகப் பல் அரிப்பையும் சேர்த்திருக்கிறது.

முன்பற்களின் வெளிப்புறமும் கடைவாய்ப்பற்களின் மேடுகளும் தேய்ந்திருந்தால் பானமோ பழமோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எலுமிச்சைத் துண்டைப் பல்லில் வைத்துச் சப்புகிறவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். உதடு மூடாத பகுதியில் மட்டும் முன்பற்களின் நுனி தேய்ந்திருந்தால் காற்றில் வந்த அமிலம். பிரிட்டனில் பேட்டரி மின்னேற்றும் தொழிலாளர்களிடமும் உலோகங்களை அமிலத்தில் முக்கியெடுக்கும் தொழிலாளர்களிடமும் இந்த வகை அரிப்பு அதிகம் என்பதை 1968இல் வெளியான ஆய்வு காட்டியது. கந்தக அமிலத் திவலைகள் கலந்த காற்றை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த விளைவு அது.

எந்த வகை அரிப்பானாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுவது கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம். நாக்குக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் திறப்பது சரியாக அங்கேதான். எந்நேரமும் உமிழ்நீரில் நனைந்திருக்கும் பல்லை அமிலம் எளிதில் நெருங்குவதில்லை.

ஜன்னலோரம், ஒரு கண்ணாடி

ஆரம்ப அரிப்பு வலிக்காது. ஆனால் கண்ணுக்குத் தெரியும். பகல் வெளிச்சத்தில், பல்லைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டுப் பார்த்தால் போதும்.

இளவயதினரின் முன்பல்லில் குறுக்கே மிக மெல்லிய வரிகள் ஓடும். பல் உருவானபோது எனாமல் படிப்படியாகப் படிந்ததன் தடங்கள் அவை. அரிப்பு தொடங்கினால் முதலில் அழிவது இந்த வரிகள்தான். பல் பட்டுபோல் வழவழப்பாகிவிடும். இயல்பான பளபளப்பு போய் மெழுகு பூசியதுபோன்ற மினுக்கம் வரும். பலர் இதை அழகு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து வெட்டுப்பல்லின் நுனி. எனாமல் மெலிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவுவதால் நுனி சாம்பலோ நீலமோ கலந்த கண்ணாடிபோல் தெரியும். பின்னர் அந்த நுனி சின்னச் சின்னதாகச் சிதறத் தொடங்கும்.

கடைவாய்ப்பல்லில் அடையாளம் வேறு. மேடுகளின் உச்சியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளி தோன்றும். அங்கே எனாமல் தீர்ந்து டென்டின் வெளியே வந்துவிட்டது என்று பொருள். டென்டின் வேகமாகக் கரைவதால் அந்தப் புள்ளி நாளடைவில் கிண்ணம்போல் குழியும். பழைய ஃபில்லிங் இருந்தால் இன்னொரு தடயமும் கிடைக்கும்: அமிலம் பல்லைத்தான் கரைக்கும், ஃபில்லிங்கை அவ்வளவாகத் தொடாது. வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போனபிறகு பாறை மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதுபோல், சுற்றியிருந்த பல் இறங்கிப்போய் ஃபில்லிங் மேலே எழும்பி நிற்கும்.

கூச்சம் இதற்கெல்லாம் பிறகு வருவது. டென்டினுக்குள் நுண்ணிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் நரம்பை நோக்கி ஓடுகின்றன. அவற்றின் வாய் திறந்துகொண்டால், குளிர்ந்த நீரோ காற்றோ படும்போது உள்ளிருக்கும் திரவம் அசையும். அந்த அசைவு நரம்பைச் சுண்டும். மாங்காய் தின்ற மறுநிமிடம் பல் கூசி, சிறிது நேரத்தில் தானே சரியாகிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வெறும் தண்ணீருக்கே தினமும் கூசுகிறதென்றால் காட்டிவிடுவது நல்லது.

கோலாவில் போட்ட பல்

1950இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் கார்னெல் பல்கலைக்கழக ஊட்டச்சத்து அறிஞர் கிளைவ் மெக்கே சாட்சியம் அளித்தார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படைக்காக ஆய்வு செய்தவர் அவர். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதையும், அதில் போட்டுவைத்த மனிதப் பல் விரைவிலேயே மென்மையாகிவிட்டதையும் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு ஒரு கதை உலகம் சுற்றத் தொடங்கியது: கோலாவில் பல்லைப் போட்டால் ஒரே இரவில் காணாமல் போய்விடும் என்று.

பல் காணாமல் போவதில்லை; மென்மையாகும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய விஷயம், டம்ளரில் கிடக்கும் பல்லுக்கு உமிழ்நீர் கிடையாது. வாய்க்குள் நிலைமை வேறு. ஒரு மிடறு புளிப்பு உள்ளே போனதுமே உமிழ்நீர் பெருகும். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் மென்மையான எனாமலுக்குள் மெதுவாகத் திரும்பிச் சேரும். உமிழ்நீரின் புரதங்கள் பல்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை விரிக்கும். வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ஊறும் இந்த நீர்தான் பல்லின் முதல் வைத்தியர். அதற்கு வேண்டியது அவகாசம்.

ஒரு பாட்டில் குளிர்பானத்தைச் சாப்பாட்டோடு 5 நிமிடத்தில் குடித்து முடிப்பவருக்கு ஒரு தாக்குதல். பிறகு பல் தேறிக்கொள்ளும். அதே பாட்டிலைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க மிடறு மிடறாகக் குடிப்பவரின் வாய் மீள்வதே இல்லை. அளவு ஒன்றுதான், சேதம் ஒன்றல்ல. வாயில் வைத்துச் சுழற்றினால் இன்னும் மோசம். ஸ்வீடனில் 1997இல் தொழில்முறை ஒயின் சுவைஞர்கள் 19 பேரைச் சோதித்ததில் 14 பேருக்கு அரிப்பு இருந்தது. அவர்கள் ஒயினைக் குடிப்பதே அரிது. வாயில் சுழற்றித் துப்புகிறவர்கள்.

ஃபின்லாந்தில் 1991இல் வெளியான ஆய்வு அரிப்புள்ள 106 பேரை அரிப்பில்லாத 100 பேரோடு ஒப்பிட்டது. நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் சிட்ரஸ் பழம் சாப்பிடுபவர்களுக்கு அரிப்பு வரும் அபாயம் 37 மடங்கு. வாரம் ஒரு முறையாவது வாந்தியெடுப்பவர்களுக்கு 31 மடங்கு. தினமும் குளிர்பானம் குடிப்பவர்களுக்கு 4 மடங்கு. ஆரோக்கியமான உணவு என்று நம்பிச் சாப்பிடுவது குளிர்பானத்தை முந்திவிட்டது. பழத்தின்மீது குற்றமில்லை, அது ஒரு நாளில் எத்தனை முறை பல்லைத் தொடுகிறது என்பதே விவகாரம்.

உமிழ்நீர் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். வியர்த்துக் கொட்டும் விளையாட்டு வீரருக்கும் வாய் வறண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் புளிப்பான விளையாட்டுப் பானத்தைத் திறக்கிறார். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றே போகிறது. படுக்கப்போகும் முன் குடிக்கும் பழச்சாறும், நள்ளிரவில் மேலேறும் எதுக்களிப்பும் இதனாலேயே அதிகச் சேதம் செய்கின்றன.

எலுமிச்சையும் உப்பும்

பல்லை வெண்மையாக்க எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுத் தேய்க்கும் வீட்டு வைத்தியம் பரவலாக உண்டு. தேய்த்தவுடன் பல் வெளுப்பதும் உண்மைதான். அமிலம் எனாமலின் மேல்பரப்பைச் சில மைக்ரான் ஆழத்துக்கு மென்மையாக்குகிறது. உப்புப் பரல்கள் அந்தப் பரப்பைக் கறையோடு சேர்த்துச் சுரண்டி எடுக்கின்றன. இப்படியே தொடர்ந்தால் எனாமல் மெலிந்து, அடியிலுள்ள டென்டினின் மஞ்சள் நிறம் வெளியே தெரியும். பல் மஞ்சளானதைக் கண்டு மனிதர் இன்னும் அதிகமாக எலுமிச்சை தேய்க்கிறார்.

மென்மையான எனாமல்மேல் உராய்வு கூடாது என்பதே இதிலுள்ள பாடம். அதனால்தான் புளிப்பு சாப்பிட்டபின் அரைமணி முதல் ஒரு மணிநேரம் கழித்துப் பல் விளக்கச் சொல்லிவந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். உமிழ்நீர் எனாமலைப் பழைய உறுதிக்குக் கொண்டுவர அந்த அவகாசம் போதாது. காத்திருப்பதால் கிடைக்கும் பலன் சொற்பம் என்பது அவர்கள் வாதம். இரு தரப்புக்கும் பொருந்தும் வழி ஒன்று உண்டு. பழச்சாறோ எலுமிச்சை நீரோ குடிப்பவர் அதற்கு முன்பே பல் விளக்கிவிடலாம். மென்மையான தூரிகை, ஃபுளோரைடு உள்ள பற்பசை, அழுத்தாத கை ஆகியவை எந்த நேரத்திலும் நல்லவை. ஏற்கெனவே அரிப்பு உள்ளவர்களுக்கு ஸ்டேனஸ் ஃபுளோரைடு உள்ள பற்பசை கூடுதல் பாதுகாப்புத் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதிலுள்ள வெள்ளீயம் பல் பரப்பில் படிந்து அமிலத்தைத் தாங்குகிறது. கரித்தூள், செங்கல்தூள், சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

வாந்தி எடுத்தவுடன் பல் விளக்கத் தோன்றும், அது வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொப்பளித்தால் அமிலம் முறிந்துவிடும். மசக்கையில் தினம் தினம் வாந்தியெடுக்கும் பெண்களுக்கு இது மிகவும் உதவும். சோடா இல்லையென்றால் வெறும் தண்ணீராவது போதும்.

மற்றபடி செய்ய வேண்டியவை சிறிய விஷயங்கள்தான். புளிப்பான பானத்தைச் சாப்பாட்டு வேளையோடு முடித்துக்கொள்வது. ஸ்ட்ராவை முன்பற்களில் மோதாதபடி நாக்கின் பின்பக்கமாக வைத்துக் குடிப்பது. குடித்தபின் தண்ணீரால் கொப்பளிப்பது, அல்லது கொஞ்சம் பால் குடிப்பது. சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்று உமிழ்நீரை ஊறவைப்பது. வைட்டமின் சி மாத்திரையைச் சப்பிச் சாப்பிடுவதற்குப் பதில் விழுங்கும் வகையைக் கேட்டு வாங்கலாம். சப்பும் மாத்திரையால் பல் கரைந்த நோயாளி பற்றிய மருத்துவக் குறிப்பு 1983லேயே வெளிவந்திருக்கிறது.

மருத்துவர் போடும் மதிப்பெண்

அரிப்பைக் கண்டுகொண்ட மருத்துவர் உடனே பல்லைச் சரிசெய்ய இறங்குவதில்லை. முதலில் அளப்பார். 2008இல் டேவிட் பார்ட்லெட், கரோலினா கான்ஸ், அட்ரியன் லூசி ஆகிய மூவரும் உருவாக்கிய முறை இதற்குப் பயன்படுகிறது. வாய் 6 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் அதிகம் தேய்ந்த பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். வரிகள் மட்டும் அழிந்திருந்தால் 1. பரப்பில் பாதிக்கும் குறைவாகக் குழிந்திருந்தால் 2. பாதிக்கு மேல் என்றால் 3. மொத்தம் 18. கூட்டுத்தொகை 2க்குள் இருந்தால் கவலையில்லை. 14ஐத் தொட்டால் அபாயம் அதிகம்.

கூடவே பற்களின் படமும் அச்சும் எடுத்துவைக்கப்படும். வசதியுள்ள இடங்களில் முப்பரிமாண ஸ்கேன். 6 மாதமோ ஓர் ஆண்டோ கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அரிப்பு நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்பது தெரிந்துவிடும். 60 வயதில் 2 மதிப்பெண் பெறும் பல் வாழ்நாள் தேய்மானமாக இருக்கலாம். 16 வயதில் அதே 2 என்றால் உணவுப் பழக்கத்தை நாள்வாரியாக எழுதிவரச் சொல்வார்கள், தேவைப்பட்டால் வயிற்று மருத்துவரிடமும் அனுப்புவார்கள். காரணம் பிடிபட்டு அரிப்பு நின்றபிறகே காம்போசிட் பூச்சோ உறையோ வைத்துப் பல்லின் உயரத்தை மீட்பார்கள். அதற்கு முன்பே வைத்தால், பூச்சின் ஓரத்தில் மிச்சமிருக்கும் எனாமலை அமிலம் தொடர்ந்து கரைக்கும். சில ஆண்டுகளில் பூச்சு பிடிமானம் இழந்து கழன்றுவிடும்.